பூண்டிக்கு வந்து சேராத முதல் பெட்டி

லா

ஷார்ஜாவில் நான் செய்யும் வேலை, மற்றவர்களுடைய வீட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டுவது. ஊருக்குத் திரும்பிப் போகிற குடும்பங்கள், வேறு நாட்டுக்கு மாறிப் போகிற குடும்பங்கள், எல்லோருடைய தட்டும் டம்ளரும் கட்டிலும் என் கை வழியாகத்தான் போகும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. முதலில் சுமை தூக்கினேன். இப்போது ஐந்து பேருக்கு ஃபோர்மேன்.

எங்கள் கம்பெனி அலுவலகத்தில் புகார் கேட்க ஒரு மேசை உண்டு. சாமான் போய்ச் சேரவில்லை, கண்ணாடி உடைந்துவிட்டது, சோபா கிழிந்துவிட்டது என்று தினமும் யாராவது அங்கே நின்று சத்தம் போடுவார்கள். சத்தம் கேட்டால் நான் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. போன வருடம் இதே ஆகஸ்டில் நானும் அப்படி ஒரு மேசை முன்னால் போய் நிற்க வேண்டி வந்தது. அது வேறு கம்பெனியின் மேசை. தேடிப் போனது என்னுடைய சாமானை. ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது எழுத முடிகிறது.

முதல் பகுதிக்கு எண் போடாமல் 'லா' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் பூண்டி, கொடைக்கானலுக்கு மேலே. பூண்டும் கேரட்டும்தான் வெள்ளாமை. மூட்டை எண்ணும்போது நாங்கள் ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். சந்தையில் எண்ணுகிற பல ஊர்க்காரர்களுக்கும் இது தெரிந்த வழக்கம்தான். என் அப்பா அதை வாயால் சொன்னதோடு விடாமல், முதல் மூட்டையில் சிவப்பு மையால் 'லா' என்று எழுதுவார். அடுத்த மூட்டையில் 2. மூட்டைக்கு எழுதும் வேலை எனக்கு வந்தபோது நானும் அப்படியே எழுதினேன்.

ஷார்ஜா வந்தும் வாய் மாறவில்லை. என் குழுவில் ரஃபீக் என்று ஒரு வங்காளதேசக்காரர் இருக்கிறார். என்னோடு சேர்ந்து எண்ணி எண்ணி, அவரும் 'லாபம், தோ, தீன்' என்றுதான் எண்ணுவார். தமிழில் ஒன்றுக்கு அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

2

என் மனைவி வசந்தாவும் மகள் கார்த்திகாவும் ஏழு வருடம் என்னோடு இங்கே இருந்தார்கள். எங்களுக்கு ஒரே அறை. சமையலறை இன்னொரு குடும்பத்தோடு பொது. வசந்தா கீழ்க்கடையில் துணி தைத்தாள். கார்த்திகா வரும்போது ஒன்பது வயது. வந்த புதிதில் பூண்டிப் பேச்சுதான். ஒரு வருடத்தில் அது போய்விட்டது. வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் ஆங்கிலம், லிஃப்டில் ஹிந்தி என்று ஆகிவிட்டாள்.

ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். லாபம், ரெண்டு, மூணு. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அப்படிச் சொல்லாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க."

யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவள் பக்கத்தில் இருந்தால் நான் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொள்வேன்.

அவள் பத்தாவது முடித்ததும், இனி ஊரில் படிக்கட்டும் என்று நானும் வசந்தாவும் முடிவு செய்தோம். இங்கே இருந்தால் என் சம்பளம் பள்ளிக்கே போதாது. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன்னுக்கு இடம் கிடைத்தது. அங்கேயே விடுதி. வார விடுமுறைக்குப் பூண்டிக்குப் போகலாம். கார்த்திகா வேண்டாம் என்று சொல்லவில்லை. பூண்டியைப் பற்றி எதைச் சொன்னாலும் "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் சாமான் கட்டினோம். எங்கள் கம்பெனி முழு கன்டெய்னர் பிடிக்கிறவர்களுக்குத்தான் வேலை செய்யும். எங்களைப் போலப் பத்துப் பெட்டி, பதினைந்து பெட்டி அனுப்புகிறவர்களுக்கு வீடு வரை கொண்டுபோய்க் கொடுக்கும் கார்கோ கடைகள் உண்டு. கட்டுவதை நானே கட்டிவிடுகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருடம் ஊரார் பெட்டியைக் கட்டிய கைக்கு முதல் முறையாகச் சொந்தப் பெட்டி.

வீடு மாறினால் முதலில் போக வேண்டியது உப்பும் மஞ்சளும் விளக்கும் சாமி படமும். வசந்தா அவற்றை முதல் பெட்டியில் அடுக்கினாள். கார்த்திகாவின் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் ஒரு பால் பவுடர் உறையில் போட்டு, முருகன் படத்துக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் சாமி காலடியில் இருக்கட்டும், பிறகு எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். அதை என்னிடம் சொல்லவில்லை. அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில் நான் பெட்டியை மூடி, டேப் ஒட்டி, சிவப்பு மார்க்கரால் மேலே 'லா' என்று எழுதிவிட்டேன். மற்றவற்றுக்கு 2 முதல் 14 வரை.

கார்த்திகா கட்டிலில் உட்கார்ந்து பட்டியல் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். பெட்டிகளின் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டியல் 1 என்று தொடங்கி 14 என்று முடிந்தது.

எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் வசந்தாவுக்குச் சான்றிதழ் நினைவு வந்தது. நான் கத்தியை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் மூட்டையைக் கட்டிவிட்டால் அதைத் திரும்ப அவிழ்ப்பதில்லை என்பது அவள் வீட்டிலும் என் வீட்டிலும் வழக்கம்.

"முதக் கட்ட அவுக்க வேண்டாங்க. நாமளும் அங்கதான போறோம். அதுவும் அங்கதான வருது."

பாஸ்போர்ட், நகை, சான்றிதழ் மூன்றையும் பெட்டியில் போடாதீர்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் வேலை தொடங்கும் முன் சொல்வது என் பொறுப்பு. அன்று நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

3

இருபத்தைந்து நாளில் வீட்டு வாசலில் சாமான் இருக்கும் என்றார் கார்கோ கடைக்காரர். ஒவ்வொரு பெட்டியையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன்மேல் பெயரும் முகவரியும் உள்ள ஸ்டிக்கரை ஒட்டினார்கள். கப்பல் கொச்சிக்குப் போகும். அங்கிருந்து லாரி. வசந்தாவும் கார்த்திகாவும் அடுத்த வாரம் விமானம் ஏறினார்கள். பள்ளியில், இடம் கேட்டபோதே எடுத்து வைத்திருந்த சான்றிதழ் நகலை வாங்கிக்கொண்டு கார்த்திகாவை உட்கார வைத்தார்கள். அசல் ஆகஸ்டுக்குள் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இருபத்தைந்து நாள் போயிற்று. முப்பத்தைந்தும் போயிற்று. போன் செய்தால் கப்பல் வந்துவிட்டது என்பார்கள். அடுத்த வாரம் கஸ்டம்ஸில் இருக்கிறது என்பார்கள். எங்கள் அலுவலகத்திலும் பதில் தெரியாதபோது கஸ்டம்ஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே போன் போட்டுக் கேட்க யாராலும் முடியாது. அந்தப் பதிலைக் கேட்டு வாடிக்கையாளர்கள் தலையாட்டிவிட்டுப் போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இப்போது நானும் தலையாட்டினேன்.

விடுமுறை நாளில் பஸ் ஏறிக் கடைக்கே போனேன். என்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்காரர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். டீயைக் குடித்த பிறகு சண்டை போட எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஹிந்தியும் அங்கே போனதும் மறந்துவிட்டது. கடைசியில் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அறைக்கு வந்ததும் வசந்தாவிடமிருந்து போன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"எப்ப வரும்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"வரும்னாரு."

"இதக் கேக்கவா பஸ் ஏறிப் போனீங்க" என்றாள். பிறகு, டீயாவது கொடுத்தார்களா என்று கேட்டாள்.

4

ஐம்பத்திரண்டாம் நாள் லாரி கொடைக்கானலுக்கு வந்தது. ஓட்டுநர் வசந்தாவை அழைத்து, ஏரிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வீடு வரை என்றுதானே பேச்சு என்று இவள் கேட்டாள். வீடு வரை என்றால் கொடைக்கானல் வரைக்கும்தான், அதற்கு மேல் காட்டுப் பாதையில் வண்டி வராது என்றார் அவர். மன்னவனூர் தாண்டிப் பூண்டி வரைக்கும் தினமும் பஸ் போகிறது. அதைச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

வசந்தாவின் தம்பி முருகேசன் காய்கறி லாரியில் போகிறவன். எங்கள் மலையில் ஏற்றிய கேரட்டை ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்கிவிட்டு லாரி காலியாகத் திரும்பும். அன்று அந்தக் காலி வண்டியைக் கொடைக்கானலில் நிறுத்தி, அக்காவும் தம்பியுமாகச் சாமானை மாற்றி ஏற்றினார்கள். முருகேசன் தன் வழக்கப்படி லாபம், ரெண்டு என்று எண்ணி ஏற்றினான். எண்ணிக்கை பதின்மூன்றில் நின்றுவிட்டது. ஓட்டுநர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒன்று மட்டும் வரவில்லை, மற்ற எல்லாம் சரி என்றார்.

நான் அப்போது ஒரு வீட்டில் புத்தக அலமாரியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வசந்தாவிடமிருந்து போன்.

"ஏங்க, முதப் பெட்டியக் காணோம்."

இந்த வேலை செய்கிறவனாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். வெறும் கையெழுத்துப் போடாதே, ஒரு பெட்டி குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அப்படி எழுதினால் மீதிப் பெட்டியை இறக்க விடமாட்டேன் என்றார் ஓட்டுநர். முருகேசன் ஏற்கெனவே எல்லாவற்றையும் இறக்கி மாற்றிவிட்டான் என்பதை அந்தக் கோபத்தில் அவர் மறந்துவிட்டார். வசந்தா காகிதத்தை லாரிக் கதவில் வைத்து, ஒரு பெட்டி வரவில்லை, கிழிந்து வந்த இன்னொரு பெட்டியில் தையல் மெஷின் உடைந்திருக்கிறது என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மெஷினின் படத்தை எனக்கு அனுப்பினாள். கைச் சக்கரம் ஓரத்தில் உடையவில்லை, நடுவில் விரிசல் விட்டிருந்தது. பெட்டியைச் சாய்த்ததால் அப்படி ஆகாது. ஆள் உயரத்திலிருந்து நழுவ விட்டிருக்கிறார்கள். மேல் பக்கம் எது என்று நான் போட்டிருந்த அம்புக்குறியும் படத்தில் தெரிந்தது. அது தரையைப் பார்த்து இருந்தது.

5

பள்ளித் தலைமை ஆசிரியை நல்லவர்தான். ஆனால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வரும் திங்கட்கிழமைதான் கடைசி என்றார். பெட்டி தங்கள் கையில் தொலைந்துவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் கடிதம் கொடுத்தால், அதைக் காட்டி ஒரு மாதம் நீட்டலாம். கடிதமும் இல்லை, அசலும் இல்லை என்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கார்த்திகா இங்கே படித்த பள்ளிக்குப் போனேன். கோடை விடுமுறை. காவலர் மட்டும் இருந்தார். மாற்றுச் சான்றிதழுக்கு இரண்டாம் பிரதி வேண்டுமானால் காணாமல் போனதற்குப் போலீஸ் காகிதம் வேண்டும், அலுவலகம் மாதக் கடைசியில்தான் திறக்கும் என்றார். போலீஸுக்குப் போனால், காணாமல் போனது இந்தியாவிலா இங்கேயா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வாருங்கள் என்றார்கள்.

கொச்சி கிடங்கில் எங்கள் புகாரைப் பார்த்தது ஒரு பெண். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகப் பேசுவார். பெட்டிக்கு என்ன அடையாளம் என்று கேட்டார். சிவப்பு மையில் பெரிதாக ஒன்று போட்டிருக்கும் என்றேன். அப்படி ஒரு பெட்டி இல்லை என்று மறுநாள் சொன்னார். இன்னொரு முறை பாருங்கள், என் கையால் போட்டது, ஒன்று என்று போட்டிருக்கிறேன் என்று கெஞ்சினேன். இன்னொரு முறையும் பார்த்தார். இல்லை. சரி, காணாமல் போனதாகவே கடிதம் கொடுத்துவிடுகிறோம், சனிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போடுவார் என்றார்.

வசந்தா ஊர் முழுக்கக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தாள். நுகர்வோர் மன்றத்துக்குப் போக வேண்டும் என்று முருகேசன் திண்டுக்கல்லில் ஆள் பார்த்தான். புதன்கிழமை சாயங்காலம் கார்த்திகா தானாகவே என்னை அழைத்தாள். குளிருகிறது என்றாள். விடுதியில் தன் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, சர்ட்டிஃபிகேட் வரவே இல்லைன்னா, நான் அங்கயே திரும்பி வந்துரலாமா?"

வரலாம்மா என்றேன். பெட்டி வரலாம் என்று சொன்னேனா, அவள் வரலாம் என்று சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தெளிவாக இல்லை. அவள் திரும்பி வந்தால் படிக்க வழி கிடையாது. அது மட்டும் தெரியும்.

6

மறுநாள் வியாழக்கிழமை ஒரு பூனாக் குடும்பத்துக்குப் பெட்டி கட்டினோம். எங்கள் கம்பெனியில் எண்ணைக் கையால் எழுதுவதில்லை. அச்சடித்த ஸ்டிக்கர் சுருள் இருக்கும், வரிசையாகக் கிழித்து ஒட்டுவோம். அன்று சுருளை வண்டியில் ஏற்ற மறந்துவிட்டார்கள். பரவாயில்லை, மார்க்கரால் எழுதிவிடலாம் என்று நான் முதல் பெட்டியில் எழுதினேன்.

அந்த வீட்டு அம்மா கையில் பட்டியலோடு பக்கத்தில் நின்றார். ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறவர். குனிந்து பெட்டியைப் பார்த்தார். இது என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். ஒன்று, மேடம் என்றேன். இது ஒன்று இல்லையே என்றார்.

ரஃபீக் எட்டிப் பார்த்துவிட்டு, லாபம் மேடம், சரிதான் என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பில் பெரிதாக 'லா' என்று இருந்தது. அதை எழுதினேன் என்று எனக்குத் தெரியும். அது ஒன்று இல்லை என்பது அந்த நிமிடம் வரைக்கும் தோன்றவே இல்லை. கை ஒன்று என்றுதான் எழுதியது, கண்ணும் ஒன்று என்றுதான் படித்தது. வசந்தாவும் முருகேசனும் அப்படித்தான். பெட்டியைத் தேடிய எங்கள் ஆட்கள் எல்லோருக்குமே அது ஒன்று. அதனால் கொச்சிக்கு யாருமே சொல்லவில்லை.

எந்தக் கிடங்கிலும் இரண்டு கணக்கு இருக்கும். பட்டியலில் இருந்து, கையில் இல்லாதது குறைவு. கையில் இருந்து, பட்டியலில் இல்லாதது கூடுதல். கூடுதலுக்கு என்று மூலையில் ஒரு தட்டு ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் கிடங்கிலும் உண்டு. அதைப் பல முறை நானே துடைத்து வைத்திருக்கிறேன். குறைவு என்று ஒரு வாடிக்கையாளர் வந்தால், முதலில் கூடுதலைப் பார் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

பால்கனிக்குப் போய் ஒரு அட்டைத் துண்டில் 'லா' என்று எழுதி, படம் எடுத்துக் கொச்சிக்கு அனுப்பினேன். இந்தக் குறி போட்ட பெட்டி கூடுதல் தட்டில் இருக்கிறதா, பாருங்கள் என்று சொன்னேன். கால் மணி நேரத்தில் அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினார். ஒரு பெட்டி. மேலே கஸ்டம்ஸ் டேப். அதற்கு அடியில் என் எழுத்து.

பித்தளை விளக்கு ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்ததால் கஸ்டம்ஸில் அந்த ஒரு பெட்டியை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் தாளைக் கிழித்ததில் பெயர் ஸ்டிக்கரும் போய்விட்டது. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. யாரோ படம் வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தோம் என்றார் அந்தப் பெண்.

7

அடுத்து அவர் சொன்னதும் நியாயம்தான். பெட்டி முதல் நாளிலிருந்தே எங்கள் கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. பட்டியலோடு குறி பொருந்தாதது அனுப்பியவருடைய தவறு. காணாமல் போனது என்று இனிமேல் கடிதம் கொடுக்க முடியாது. பெட்டியை அடுத்த லாரியில் ஏற்றினால் வந்து சேர ஆறு நாள், கொஞ்சம் கூடவும் ஆகலாம். திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இடையில்.

நடந்ததை வசந்தாவிடம் சொன்னேன். போனை அவள் சத்தமாக வைத்திருந்தாள் போல. முருகேசன் குரல்தான் முதலில் வந்தது.

"என்ன மச்சான் இது. சனிக்கிழம லெட்டர வாங்கி வச்சிக்கிட்டு, அப்புறமாக் கண்டுபிடிச்சிருந்தா ஒரு மாசம் கெடச்சிருக்கும்ல."

அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பெட்டி கண்ணில் பட்டால் போதும் என்றுதான் இருந்தது.

அடுத்து வசந்தா திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஊரு ஒலகத்துப் பெட்டிக்கெல்லாம் நம்பர் போட்ட மனுசன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "சரி, அந்த டீச்சரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நா போயி எத்தன தடவ நிக்கிறது."

போனில் என்னால் பேச முடியாது. எழுதுகிறேன் என்றேன். அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து, கார்த்திகா விட்டுப் போன நோட்டில் எழுதினேன். நாலு தாள் வீணானது. ஐந்தாவது இப்படி இருந்தது.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அம்மாவுக்கு, கார்த்திகாவின் அப்பா எழுதுவது. சான்றிதழ் உள்ள பெட்டியைக் கம்பெனி தொலைத்துவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். அது சரியில்லை. பூண்டு மூட்டைக்குப் போடுவது போல முதல் பெட்டிக்கு நான் லா என்று போட்டுவிட்டேன். பட்டியலில் 1 என்று இருக்கிறது. அதனால் அவர்களுக்குத் தெரியவில்லை. பெட்டி கொச்சியில் இருக்கிறது. வர ஆறு நாள் ஆகும். தப்பு என்னுடையது. அதற்காக என் மகளின் இடம் போக வேண்டாம். கொஞ்சம் நாள் கொடுங்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன்."

படம் எடுத்துக் கார்த்திகாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அழைத்தாள். இங்கிலீஷில் டைப் செய்து கொடுக்கட்டுமா, பார்க்க நன்றாக இருக்கும் என்றாள். உன் இஷ்டம்மா என்றேன். என் கையெழுத்து அவளோடு படிக்கிறவர்கள் கண்ணில் படுவது அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா.

அந்த வார இறுதிக்கு அவள் பூண்டிக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் தாயும் மகளும் கொடைக்கானலுக்குப் போனார்கள். எனக்கு அன்று எட்டாவது மாடியில் வேலை. லிஃப்ட் பழுது. ஒவ்வொரு படிக்கட்டிலும் போனை எடுத்துப் பார்த்தேன். பதினொரு மணிக்குக் கார்த்திகா அழைத்தாள்.

"குடுத்துட்டேம்பா. படிச்சாங்க."

"என்ன சொன்னாங்க?"

"லான்னா என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்ப ரெண்டாவது மூட்டைக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. அதுக்குப் பேரெல்லாம் இல்ல மிஸ், ரெண்டுதான்னேன். சிரிச்சிட்டாங்க. அடுத்த திங்கக்கிழம வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

இங்கிலீஷில் பிழை இல்லாமல் அடித்தாயா என்று கேட்டேன். அடிக்கவே இல்லை, கடையில் உங்கள் எழுத்தையே பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன் என்றாள்.

"டைப் பண்ணா யாரு எழுதுனதுன்னு தெரியாதுல்லப்பா."

அந்தத் தாள் இப்போதும் பள்ளியில் அவளுடைய கோப்பில் இருக்கிறதாம்.

8

ஆறு நாளில் பெட்டி வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. தேனியில் வண்டி மாற்றுகிறார்கள் என்றார்கள். வழியில் மழை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் கதை முடிந்தது. இன்னொரு முறை நாள் கேட்க எனக்கு முகம் கிடையாது.

இதற்கு நடுவில் கம்பெனியிலிருந்து வசந்தாவுக்கு ஒரு போன். பெட்டி விஷயத்தில் தவறு உங்களுடையது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், அதனால் தையல் மெஷின் புகாரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். தப்புச் செய்தவன் வேறு என்ன பேச முடியும் என்று தோன்றியிருக்கும். வசந்தா சொன்ன பதிலை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"பெட்டித் தப்பு எங்களுது. சக்கரம் ஒடஞ்சது ஒங்களுது. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க."

பிறகு மூன்று மாதம் விடாமல் எழுதிப் போட்டாள். கடைசியில் ஒரு சக்கரம் வந்தது. மெஷின் கறுப்பு, சக்கரம் பச்சை. அதை வைத்துத்தான் இன்றைக்கும் தைக்கிறாள்.

என் வேலையிலும் ஒரு சின்ன மாற்றம் வந்தது. யாராவது குறை சொல்லி வந்து நின்றால் நான் இப்போது பின்வாசல் வழியாகப் போவதில்லை. போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். அதிகம் பேசுவதில்லை. பெட்டியில் உங்கள் கையால் என்ன எழுதினீர்கள், எனக்கு அப்படியே எழுதிக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். சிலர் பூ வரைந்து காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பிறை வரைந்தார். அவருடைய பெட்டி கிடைத்தது.

பெட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கொடைக்கானலுக்கு வந்தது. கீழே கேரட் இறக்கிவிட்டு வந்த முருகேசன் அதை வாங்கி, காலி லாரியில் அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பூண்டிக்கு ஏறினான். சாயங்காலம் வீட்டின் முன்னால் வண்டி நின்றபோது கார்த்திகா எனக்கு வீடியோ போட்டாள். தலையில் கம்பளித் தொப்பி. பின்னால் மேகம் இறங்கிக் கேரட் வயல் பாதிதான் தெரிந்தது.

முருகேசன் லாரியின் மேல் நின்று பெட்டியைத் தூக்கினான். கீழே நின்ற ஒருவர் தோளில் வாங்கினார். முருகேசன் தன் பாட்டுக்கு "லாபம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பினான். வண்டி காலியாக இருந்தது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெட்டியை வீட்டுக்குள் வைத்துப் பிரித்தார்கள். உப்பு கசிந்து மஞ்சளோடு கட்டியாகிக் கிடந்தது. விளக்கு கறுத்திருந்தது. முருகன் படத்தின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. வசந்தா படத்தைத் தூக்கி அடியில் இருந்த பால் பவுடர் உறையை எடுத்தாள். தொட்டுப் பார்த்து, காய்ந்துதான் கெடக்கு என்றாள்.

கார்த்திகா போனைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. சுவர் ஓரத்தில் இருந்த மற்ற பெட்டிகளை அவள் நகர்த்துகிற சத்தமும் கேட்டது. பிறகு அவள் முகம் வந்தது. அவளே சொன்னாள்.

"எண்ணிப் பாத்துட்டேம்பா. லாபம் வந்துருச்சு. ரெண்டுல இருந்து பதினாலு வரைக்கும் ஏற்கெனவே இருக்கு."